முதல் இலை யாருக்கு? மனத்தாழ்மை பற்றி வாசகர் கேள்வி பதில்

மனத்தாழ்மையை வேதத்தில் வாசிப்பது எளிது. செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டிலும் சபையிலும் அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பிற சபையார் எனப் பலரும் எழுதியிருப்பதால், பதில்கள் ஒரு சபையின் முறைக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.

“மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்” என்கிறது பிலிப்பியர் 2:3. நான் கணக்கு ஆசிரியை. கூட்டல் தெரியாத ஒருவரை என்னிலும் மேலானவர் என்று எண்ணினால் அது பொய்யாகாதா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

இதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் பொய் சொல்லச் சொல்லவில்லை. அங்கே பேச்சு திறமையைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது. விருந்தாளி வந்தால் முதல் இலையை அவருக்குப் போடுகிறோம். நம்மைவிடப் படித்தவரா, வசதியானவரா என்று விசாரித்துவிட்டா போடுகிறோம்? நம் வீட்டுக்கு வந்திருக்கிறார், அது போதும். அடுத்த வசனமும் இதையே சொல்கிறது: “அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக.”

இந்த நிருபம், அதாவது கடிதம், எந்த ஊருக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். பிலிப்பி, மக்கெதோனியாவில் இருந்த ரோமக் குடியேற்ற நகரம். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர். யாருக்கு என்ன பதவி, யார் ரோமக் குடியுரிமை பெற்றவர் என்பதெல்லாம் அங்கே பெரிய விஷயம். ‘தாழ்ந்தவன்’ என்பதற்கான கிரேக்கச் சொல் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஏச்சாகவே புழங்கியது. அடிமைக்குரிய புத்தி என்று பொருள். அந்தச் சொல்லையே எடுத்து நற்குணத்துக்குப் பெயராக வைத்து எழுதினார் பவுல். கேட்டவர்கள் நெளிந்திருப்பார்கள்.

ஆகவே கணக்குத் தப்பென்றால் தப்பென்றே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை மறைப்பதும், “எனக்கு என்ன தெரியும், நான் ஒன்றுமில்லாதவள்” என்று அடிக்கடி சொல்வதும் தாழ்மை ஆகாது. அப்படிப் பேசும்போதும் பேச்சு ‘நான்’ என்பதையே சுற்றுகிறது. மாறாக, கடைசி பெஞ்சு மாணவன் தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தும் முன் “இதை எப்படிப் போட்டாய், சொல்லு” என்று கேட்டு, முழுவதும் கேட்டுவிட்டுத் திருத்துங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் அவன் உங்களுக்கு முக்கியமானவன். பவுல் கேட்பது அதைத்தான்.

பெரிய வியாழனன்று (ஈஸ்டருக்கு முந்தின வியாழன்) பாதம் கழுவும் சடங்கு ஆண்டுதோறும் நாடகம்போல ஆகிவிடுகிறது. அர்த்தத்தோடு நடத்த என்ன செய்ய வேண்டும்?
– பங்குப்பேரவை உறுப்பினர், தூத்துக்குடி

நாடகமாவதற்கு முக்கியக் காரணம் ஆள் தேர்வு. ஆண்டுதோறும் அதே 12 பேர்; பேரவைத் தலைவர், பொருளாளர், கோயில் கட்ட நன்கொடை கொடுத்தவர். காலையிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, கால் நகம் வெட்டி, கழுவத் தேவையே இல்லாத பாதங்களோடு வந்து உட்காருகிறார்கள். யோவான் 13இல் இயேசு கழுவியது தம் சீடர்களின் தெருப்புழுதி படிந்த கால்கள். அந்தப் பன்னிருவரில் அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) ஒருவரைக் கேளுங்கள். வழக்கமாக முன்வரிசைக்கு வராதவராக இருக்கட்டும். பெண்களையும் சேர்க்கலாம்; 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வழிபாட்டு விதியையே அதற்காக மாற்றினார். அதற்கு முன்பே, 2013இல், ரோமிலுள்ள காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குப் போய் அங்கிருந்தவர்களின் கால்களைக் கழுவினார். அவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஒருவர் இஸ்லாமியர். ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். தூய்மைப் பணியாளரை அழைத்துவிட்டு, “இவர் தூய்மைப் பணியாளர்” என்று ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். அப்போது அவர் நம் தாழ்மையைக் காட்டும் பொருளாகிவிடுகிறார். பெயரும் வேண்டாம், தொழிலும் வேண்டாம்.

இனி ஏற்பாடு. ஒருவருக்கு அரை லிட்டர் தண்ணீர் என்றால் 12 பேருக்கு 6 லிட்டர். அதை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு, ஆறிப்போனால் கலக்க 4 லிட்டர் சுடுநீரைத் தனியாகப் பிளாஸ்கில் வையுங்கள். சூட்டைக் கழுவுபவர் தன் முழங்கையால் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். கூரான மூக்குள்ள ஜக் ஒன்று, அகலமான தாம்பாளம் ஒன்று, கழுவிய நீரைக் கொட்ட மூடியுள்ள வாளி ஒன்று. துண்டு ஆளுக்கு ஒன்று, கூட இரண்டு. ஒரே துண்டால் எல்லார் காலையும் துடைத்தால் சேற்றுப்புண் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. காலில் ஆறாத புண் உள்ளவரை முன்கூட்டியே தனியாகக் கேட்டு, அவர் விரும்பினால் புண் இல்லாத காலை மட்டும் கழுவலாம். டைல்ஸ் தரையானால் சாக்கு விரியுங்கள். ஈரத் தரையில் வழுக்கி விழும் முதியவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. முழங்கால் வலியுள்ள பங்குத்தந்தைக்கு ஒரு தாழ்வான முக்காலி கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புகைப்படக்காரரைப் பீடத்துக்கு அருகில் விடாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மடத்தில் வாரம் ஒருவர் சமையல் முறை பார்ப்பார். சனிக்கிழமை அன்று, முறை முடிக்கிறவரும் அடுத்துத் தொடங்குகிறவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். அதாவது பாதம் கழுவுதல் அடுப்படி வேலையோடு சேர்ந்தே இருந்தது. உங்கள் பங்கிலும் சடங்கோடு ஒரு முறைப் பட்டியலைச் சேர்த்துப் பாருங்கள்: கோயில் கழிப்பறையை ஒவ்வொரு வாரமும் பேரவை உறுப்பினர் ஒருவர் கழுவுவது. பட்டியலில் முதல் பெயர் தலைவருடையதாக இருக்கட்டும்.

எங்கள் சபை அசன விருந்தில் (சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) ஒவ்வோர் ஆண்டும் மனத்தாங்கல். முக்கியஸ்தர்களுக்குத் தனி மேசை, கடைசிப் பந்திக்கு நீர்த்துப்போன குழம்பு. இதைச் சரிசெய்ய வழி உண்டா?
– சபைக் கமிட்டி உறுப்பினர், திருநெல்வேலி மாவட்டம்

உண்டு. இந்தக் குறை உங்கள் ஊரில் தொடங்கியதும் அல்ல. கொரிந்து சபையில் இதே கதைதான்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடித்து மயங்கியிருக்கிறான்) என்று எழுதினார் பவுல் (1 கொரிந்தியர் 11:21). அதற்கு அவர் சொன்ன தீர்வு மிக எளியது: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

முதலில் அளவு. நம் ஊர் விருந்தில் நூறு பேருக்கு 12 முதல் 15 கிலோ அரிசி வைக்க வேண்டும். குழம்புக் கரண்டி 120 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு இரண்டு கரண்டி வீதம் நூறு பேருக்கு 24 லிட்டர். முந்நூறு பேருக்கு 72 லிட்டர். எத்தனை பேர் வருவார்கள் என்று உத்தேசமாகச் சொல்லி, 50 லிட்டர் குழம்பு வைத்துவிட்டு, மூன்றாம் பந்தியில் வெந்நீர் ஊற்றுவதில்தான் சண்டை தொடங்குகிறது. முந்தின ஞாயிற்றுக்கிழமையே குடும்ப வாரியாகத் தலை எண்ணி எழுதுங்கள். பரிமாறுகிற எல்லாருக்கும் ஒரே அளவுக் கரண்டி கொடுங்கள். மூன்று பந்தி என்றால், முதல் பந்தி உட்காரும் முன்பே கறியிலும் குழம்பிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனி அண்டாவில் எடுத்து மூடி, அதற்கு ஓர் ஆளையும் காவல் வையுங்கள். கடைசிப் பந்திக்குத்தான் அந்த அண்டா திறக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளை பெற்ற வீட்டார் ஆகியோருக்கான தூக்குவாளிகள் முதல் பந்திக்கு முன்பே போய்விட வேண்டும். மிஞ்சியதைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

பந்தி வரிசையை மாற்றுங்கள். முதல் பந்தி முதியவர்கள், சிறுபிள்ளைகள், வெளியூரிலிருந்து நடந்து வந்தவர்கள். கடைசிப் பந்தியில் குருவானவர், கமிட்டியார், சமைத்தவர்கள், பாத்திரம் கழுவிய பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்காரட்டும். தனி மேசையை எடுத்துவிடுங்கள். முக்கியஸ்தர் கோபித்துக்கொள்வாரே என்பீர்கள். ஒரு வாரம் முன்பே அவர் வீட்டுக்குப் போய், “ஐயா, இந்த வருஷம் முதல் பந்திக்கு நீங்கள் பரிமாற வேண்டும்” என்று கேளுங்கள். வாளியைக் கையில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்வார்கள். இருக்கை இல்லை என்பதைப் பந்தியில் வந்து தெரிந்துகொண்டால்தான் அவமானம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யார் சமைக்கிறார்கள், யார் இலை எடுக்கிறார்கள், யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறதா என்று பாருங்கள். இலை எடுப்பது எப்போதும் ஒரே தெருக்காரர்கள் என்றால், குழம்பு எவ்வளவு கெட்டியாக இருந்தும் அது கர்த்தருடைய பந்தி அல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூர்ப் பகுதியில் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. தமிழ்க் கிறிஸ்தவர் தாழ்மையைப் பற்றிப் பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. இலை எடுக்கும் வேலையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கமிட்டிப் பெயர்களும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும்.

எங்கள் வாலிபர் குழு மாதம் பத்து ஏழைக் குடும்பங்களுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுக்கிறது. படம் எடுத்துக் குழுவில் போடுகிறோம். இந்த மாதம் இரண்டு குடும்பங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஏன்?
– வாலிபர் குழுச் செயலர், மதுரை

படம்தான் காரணமாக இருக்கலாம். மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தை யாராவது காட்டிச் சிரித்திருக்கலாம். ஐந்து கிலோ அரிசிக்காக ஒரு குடும்பம் தன் முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்ற வசனம் உங்கள் குழுவுக்கும்தான். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்றால், கடை ரசீதைக் காட்டுங்கள், முகம் வேண்டாம்.

இன்னொன்று, அரிசி. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வீட்டில் குறைவது அரிசியாக இருக்காது. நல்லெண்ணெயோ, புளியோ, மாதக் கடைசியில் சிலிண்டர் பணமோ, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ செலவோ இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? எரிகோவில் பர்திமேயு என்ற குருடன் கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். இருந்தும் இயேசு, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்” என்று கேட்டார் (மாற்கு 10:51). கேட்பது அவனை மதிப்பது.

1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அவரவர் வீட்டிலேயே போய்ச் சந்திப்பதைத் தன் முக்கிய வேலையாக வைத்துக்கொண்டது. அந்த முறையை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் கொடியோடு போக வேண்டாம், இருவர் போங்கள். முன்னதாகவே போனில், “எந்த நேரம் வந்தால் வசதி?” என்று கேளுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். காப்பி கொடுத்தால் குடியுங்கள், மறுக்காதீர்கள். அவர்கள் கொடுக்கும் ஒரே விஷயம் அதுவாக இருக்கலாம். பையில் சபைப் பெயர் அச்சிட வேண்டாம். நீங்கள் வீட்டுக்கு வாங்கும் பருப்பையே வாங்குங்கள். விலை மலிந்த புழுத்த பருப்பு பெற்றவரிடம் வேறொரு செய்தியையும் சொல்லிவிடும். முடிந்தால் பணமாகவே கொடுங்கள், எதற்குச் செலவழித்தீர்கள் என்று பின்னால் விசாரிக்காதீர்கள். ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்ற நிபந்தனை எந்த வடிவத்திலும் கூடாது.

வேண்டாம் என்ற இரண்டு வீடுகளுக்கும் இருவர் போய், படத்தை நீக்கிவிட்டோம் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். அன்று அரிசி கொண்டுபோக வேண்டாம்.

படுக்கையில் இருக்கும் முதியவர்களைச் சந்திக்கப் போகிறோம். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.
– பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், நாகர்கோவில்

குறைவாகப் பேசுங்கள். இருவர் போதும், 15 நிமிடம் போதும். கட்டிலின் தலைமாட்டில் நின்றபடி கீழே குனிந்து பேசினால் அவருக்குக் கழுத்து வலிக்கும், நீதிபதி முன் கிடப்பதுபோலவும் இருக்கும். நாற்காலியை இழுத்து, அவர் கண்ணுக்கு நேராக முகம் வரும்படி உட்காருங்கள். மருமகளிடம், “பாட்டி சாப்பிடுறாங்களா?” என்று கேட்காதீர்கள், பாட்டியிடமே கேளுங்கள். பதில் வர நேரமாகும், பொறுங்கள். சத்தமாகப் பாடும் முன் கேளுங்கள்; எந்தப் பாட்டு என்றும் அவரிடமே கேளுங்கள்.

ஊட்டிவிட வேண்டியிருந்தால் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில் பாதி அளவு. முந்தின வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. உண்ட பின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும். உடனே படுக்க வைத்தால் உணவு மூச்சுக்குழாயில் ஏறிவிடக்கூடும். துணி மாற்ற உதவினால் கதவைச் சாத்தி, “இப்போது புரட்டப்போகிறேன், பாட்டி” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகுப்புண் வரும். அந்த வீட்டில் இரவெல்லாம் அதைச் செய்வது ஒரே ஒருவர் என்றால், மாதம் ஒரு நாள் நீங்கள் நான்கு மணி நேரம் இருந்து, அவரைத் தூங்க அனுப்புங்கள். பழம் வாங்கிப் போவதைவிட அது பெரிய உதவி.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைப்பது சுத்தத்துக்காகத்தான். அதில் தப்பென்ன?
– வாசகி, சென்னை

சுத்தத்துக்காக என்றால் அந்த டம்ளரில் உங்கள் வீட்டாரும் ஒருநாள் குடித்துப் பார்க்கட்டும். மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் வேறு. எல்லா டம்ளரையும் அந்த அக்காதானே கழுவுகிறார்? தனி டம்ளரை இன்றே எடுத்துவிடுங்கள். சம்பளத்தையும் சொன்ன தேதியில் கொடுங்கள். கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. ஊருக்குப் போகும் வாரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். வீட்டைப் பூட்டியது நீங்கள்.

கணவர் அடிக்கிறார். “தாழ்மையாயிரு, பொறுத்துக்கொள்” என்று சபையில் ஆலோசனை சொல்கிறார்கள். வேதம் அதைத்தான் சொல்கிறதா?
– பெயர் வேண்டாம்

இல்லை. பிரதான ஆசாரியனின் சேவகன் அறைந்தபோது இயேசு, நான் பேசியது சரியென்றால் “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று நேராகக் கேட்டார் (யோவான் 18:23). தாழ்மையைப் பற்றி எழுதிய பவுலும் அதே பிலிப்பி நகரத்தில், விசாரணையின்றி அடிக்கப்பட்டபின் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, மறுத்து அமர்ந்துகொண்டார். அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). தாழ்மை என்பது ஒருவர் தாமாக மனமுவந்து கீழே இறங்குவது. பிறர் உங்களைத் தள்ளுவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

181 என்ற பெண்கள் உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை. உடனடி ஆபத்தென்றால் 112. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நீங்கள் வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையும், அவர் நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவும் கேட்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இந்தப் பதிலை வாசிக்கும் சபைத் தலைவர்களே, ‘பொறுத்துக்கொள்’ என்ற ஆலோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். சபையார் சாப்பாடு கொண்டுவரட்டுமா என்கிறார்கள். யாருக்கும் பாரமாக இருக்க மனமில்லை.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், திருச்சி

இயேசு கால் கழுவ வந்தபோது சீடர் பேதுருவும் இதைத்தான் சொன்னார், ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது என்று. வாங்கிக்கொள்ளவும் தாழ்மை வேண்டும் ஐயா. பொதுவாக “வேண்டாம்” என்பதற்குப் பதில், குறிப்பாகச் சொல்லுங்கள்: செவ்வாயும் வெள்ளியும் மதியம் மட்டும், உப்புக் குறைவாக, இருவருக்கு. அப்படிச் சொன்னால் கொண்டுவருபவர்களுக்கும் எளிது, ஒரே நாளில் நான்கு வீட்டுச் சாம்பார் வந்து வீணாகாது.

கோயில்பிள்ளையை (ஆலயப் பணியாளரை) ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னும் திட்டிவிட்டேன். மின்விசிறி ஓடாததற்கு அவர் காரணமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எப்படிச் சரிசெய்வது?
– கமிட்டிப் பொருளாளர்

காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. எனவே அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம். இன்றே அவர் வீட்டுக்குப் போங்கள், உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். “மின்விசிறி ஓடாததற்கு நீங்கள் காரணமில்லை. விசாரிக்காமல் திட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று நான்கே வாக்கியம். ‘ஆனால்’ என்று தொடங்கும் ஐந்தாவது வாக்கியம் வந்தால் முதல் நான்கும் வீண். “மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க” என்பதும் வேண்டாம்; கஷ்டப்பட்டது அவர் குற்றம்போல ஆகிவிடும். கையில் நூறு ரூபாய் திணிக்காதீர்கள். உடனே மன்னிக்க வேண்டும் என்று அவரை எதிர்பார்க்கவும் கூடாது.

திட்டியது எல்லார் முன்னும் என்பதால், அவர் சம்மதித்தால், வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே இடத்தில், அதே அளவு சத்தமாக அதே வாக்கியங்களைச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மின்விசிறியைப் பழுதுபார்க்க ஆள் அழைத்துவரும் வேலை உங்களுடையது.